மலிவு எங்கிருந்து வருகிறது? பெரிய தள்ளுபடிக் கடைகள் பற்றிய எளிய விளக்கம்

ஒரே நிறுவனம் தயாரித்த ஒரே சலவைத்தூள், ஒரே எடை. பக்கத்துக் கடையில் ஒரு விலை, பெரிய தள்ளுபடிக் கடையில் அதைவிடக் குறைந்த விலை. இதைப் பார்த்ததும் நமக்கு இரண்டில் ஓர் எண்ணம் தோன்றும். ‘இத்தனை நாள் பக்கத்துக் கடைக்காரர் கூடுதலாக வாங்கிவிட்டாரே’ என்பது ஒன்று. ‘இவ்வளவு மலிவாகக் கொடுத்தால் சரக்கில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்’ என்பது மற்றொன்று. பெரும்பாலும் இரண்டுமே சரியில்லை. விலை குறைகிறது என்றால் அந்தக் குறைவை யாரோ ஒருவர் எங்கோ ஈடுகட்டியிருக்கிறார். அது கடையின் நிர்வாகத் திறமையாக இருக்கலாம். வாங்குபவரான நாமே செய்யும் வேலையாக இருக்கலாம். சரக்கு கொடுப்பவரிடமிருந்தோ ஊழியரிடமிருந்தோ குறைத்துக்கொண்ட பங்காகவும் இருக்கலாம். அங்கே போய் வாங்கலாமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாமல் போவதற்குக் காரணம், இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ், பொருளுக்குப் பொருள் வேறு வேறு அளவில் கலந்திருப்பதுதான்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தள்ளுபடி என்றதும் பண்டிகைக் காலத்தில் சில வாரங்களுக்கு மட்டும் விலையைக் குறைத்து விற்பது நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது அது அன்று. ஆண்டு முழுவதும் குறைந்த லாபம் வைத்து, பல ஊர்களில் ஒரே பெயரில் கிளைகள் நடத்தி, அத்தனை கிளைகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் கொள்முதல் செய்யும் சங்கிலித் தொடர் கடைகளையே தள்ளுபடிக் கடைகள் என்கிறோம். இந்த வகை வணிகத்திற்கு 1962 ஒரு முக்கியமான ஆண்டு. அமெரிக்காவில் கேமார்ட், டார்கெட், வால்மார்ட் ஆகிய மூன்றின் முதல் கடைகளும் அந்த ஓராண்டுக்குள் திறக்கப்பட்டன. சாம் வால்ட்டன் தம் முதல் வால்மார்ட் கடையை ஆர்கன்சா மாநிலத்தின் ராஜர்ஸ் என்ற சிற்றூரில் ஜூலை மாதம் திறந்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல், தியோ என்ற ஆல்பிரெக்ட் சகோதரர்கள், எசன் நகரில் தாயார் நடத்திவந்த மளிகைக் கடையிலிருந்து வளர்த்தெடுத்த தங்கள் கடைகளுக்கு ‘ஆல்டி’ என்று பெயரிட்டார்கள். ஆல்பிரெக்ட், டிஸ்கவுன்ட் என்ற இரு சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததே அந்தப் பெயர்.

இந்த வணிகத்தின் உயிர்நாடி, சரக்கு எத்தனை வேகமாகச் சுழல்கிறது என்பது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது விளங்கிவிடும். இரண்டு கடைக்காரர்களும் 100 முதல் போட்டுச் சரக்கு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கடைக்காரர் அதை 125-க்கு விற்கிறார். ஆண்டுக்கு ஆறு முறை சரக்கு விற்றுத் தீர்ந்து மறுபடி எடுக்கிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் 25 வீதம் ஆண்டுக்கு 150 கிடைக்கிறது. இரண்டாமவர் அதே சரக்கை 110-க்குத்தான் விற்கிறார். ஆனால் கூட்டம் அதிகம் என்பதால் பதினைந்து நாளில் காலியாகிவிடுகிறது, ஆண்டுக்கு 24 சுற்று வருகிறது. சுற்றுக்கு 10 வீதம் 240 கிடைக்கிறது. வாடகை, கூலி, மின்சாரம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும் என்றாலும், குறைந்த லாபம் வைத்தவர் கையில் அதிகப் பணம் சேர்வது எப்படி என்பது இதில் தெரிகிறது. பக்கத்துக் கடைக்காரர் நம்மை ஏமாற்றவில்லை என்பதும் இதே கணக்கில் தெரியும்: அவருடைய சரக்கு மெதுவாகச் சுழல்வதால், பொருளுக்கு 25 வைத்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும்.

சுழற்சி வேகமாக இருப்பதில் இன்னொரு நன்மையும் மறைந்திருக்கிறது. பெரிய கடைகள் சரக்குக்கான பணத்தை உடனே கொடுப்பதில்லை. முப்பது நாள், அறுபது நாள் என்று தவணை வாங்கிக்கொள்கின்றன. சரக்கு பதினைந்தே நாளில் விற்றுவிட்டால், வாடிக்கையாளர் கொடுத்த பணம் கல்லாவுக்கு வந்து சேர்ந்து பல நாள் கழித்துத்தான் தயாரிப்பாளருக்குப் போகும். அதாவது கடையை ஓட்டுவதற்கான மூலதனத்தில் ஒரு பகுதியைத் தயாரிப்பாளரே வட்டியில்லாமல் கொடுத்தது போலாகிறது. கைமுதல் போட்டு, தேவைப்பட்டால் வட்டிக்கும் கடன் வாங்கிச் சரக்கு எடுக்கும் சிறு வியாபாரிக்கு இந்த வசதி கிடையாது. தயாரிப்பாளர் பெரிய நிறுவனமாக இருந்தால் இதைத் தாங்கிக்கொள்வார். பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்தும் சிறு தயாரிப்பாளராக இருந்தால், பணம் வந்து சேரும்வரை அவர் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, வகைகளைக் குறைப்பது. இதில் ஆல்டி ஒரு நல்ல பாடம். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் பல்லாயிரக்கணக்கான பொருள்கள் இருக்க, அவர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் பொருள்களுக்குள் வியாபாரத்தை முடித்துக்கொள்கிறார்கள். பத்து வகைப் பற்பசைக்குப் பதிலாக இரண்டு வகை வைத்தால், அந்த இரண்டையும் ஐந்து மடங்கு அதிகமாகக் கொள்முதல் செய்து விலை பேசலாம். தேங்கி நிற்கும் சரக்கு குறையும். அடுக்கும் வேலையும் குறையும். அந்தக் கடைகளில் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைப்பதில்லை. வந்த அட்டைப் பெட்டியின் முகப்பைக் கிழித்து அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுடைய சொந்தப் பொருள்களின் உறையைத் திருப்பிப் பார்த்தால், பார்கோடு வழக்கத்தைவிட நீளமாகவும், ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களிலும் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். பில் போடுபவர் பொருளைத் திருப்பித் திருப்பிக் கோடு எங்கே என்று தேட வேண்டியதில்லை. எந்தப் பக்கமாக இழுத்தாலும் கருவி படித்துவிடும். ஒரு பொருளுக்கு ஒரு நொடி மிச்சம் என்றால் அற்பமாகத் தோன்றும். நாள் முழுவதும், ஆயிரக்கணக்கான கிளைகளில் என்று பெருக்கிப் பார்த்தால், எத்தனை பேரின் சம்பளம் அந்தக் கோட்டின் நீளத்தில் அடங்கியிருக்கிறது என்பது புரியும். இந்த வகை மலிவில் யாருக்கும் நட்டமில்லை. வீணாகப் போன உழைப்பு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். தள்ளுபடிக் கடைகளை முழுமூச்சாகத் திட்டுகிறவர்கள் இந்தப் பகுதியைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் குறை.

கடையின் சொந்தப் பெயரில் வரும் பொருள்களும் இதே கணக்கைச் சேர்ந்தவைதான். விளம்பரச் செலவு இல்லாமல், ஏதாவது ஒரு தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து வாங்கித் தம் பெயரை ஒட்டி விற்கிறார்கள். புகழ்பெற்ற பெயரில் வரும் பொருளைத் தயாரிக்கும் ஆலையே சில நேரங்களில் கடைப் பெயரிலும் தயாரித்துக் கொடுப்பதுண்டு. ஆனால் கலவை ஒன்றேதான் என்று அதற்குப் பொருளில்லை. உறையின் பின்பக்கத்தில் உள்ள பொருள்கூறுகளின் பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி. சர்க்கரை, உப்பு, சமையல் சோடா போன்றவற்றில் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

இனி, நம் தோளில் ஏற்றப்படும் பங்கைப் பார்ப்போம். மலிவு விலையில் ஒரு பகுதி, முன்பு கடைக்காரர் செய்த வேலையை இப்போது நாம் செய்வதற்கான கூலி. பழைய முறையில் வாடிக்கையாளர் பட்டியலைக் கொடுப்பார். கடை ஊழியர் எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பார். 1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் தொடங்கிய ‘பிக்லி விக்லி’ கடைதான், வாடிக்கையாளரே கூடையுடன் உள்ளே போய் எடுத்துக்கொள்ளும் முறையைப் பரவலாக்கியது. இன்று அதற்கு மேலும் பல படிகள் வந்துவிட்டன: தொலைவில், நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் இருக்கும் கடைக்கு நாமே வண்டியில் போகிறோம், தள்ளுவண்டியை நாமே தள்ளி, நாமே திருப்பி விடுகிறோம், சில இடங்களில் பில்லும் நாமே போடுகிறோம். இவை தவிர, பெரிய பொட்டலமாக வாங்கும்போது கடையின் கிடங்கு வேலையையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். அலமாரியில் இடம், கெட்டுப்போனால் வரும் நட்டம், முன்கூட்டியே முடங்கும் பணம் எல்லாம் அப்போது நம்முடையவை.

இதை நான் பட்டே கற்றுக்கொண்டேன். ஒரு முறை ஐந்து கிலோ சலவைத்தூள் மூட்டை ஒன்றை, கிலோவுக்குக் கணிசமாக விலை குறைகிறதே என்று வாங்கிவந்தேன். மேல்பாதி வரை எல்லாம் சரியாகவே போனது. பிறகு குளியலறை ஈரத்தில் அடிப்பகுதி பாறைபோல் இறுகிவிட்டது. கரண்டிக் காம்பால் குத்தி எடுக்க வேண்டியிருந்தது, கடைசியில் ஒரு கிலோவுக்குக் குறையாமல் குப்பைக்குப் போயிற்று. அதைவிடவும் என்னைச் சுட்டது வேறொன்று: மூட்டை நிறைய இருக்கிறதே என்ற தைரியத்தில், ஒவ்வொரு முறையும் வழக்கத்தைவிடத் தாராளமாக அள்ளிப் போட்டிருக்கிறேன். கையிருப்பு அதிகமாக இருந்தால் பயன்பாடும் அதிகரிக்கும் என்பது தின்பண்டங்களுக்கும் குளிர்பானங்களுக்கும் இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையையும் இங்கேயே உதறிவிடுவது நல்லது. 500 கிராம் பொட்டலத்தின் விலை 60, இரண்டு கிலோ பொட்டலத்தின் விலை 260 என்று போட்டிருந்தால், எந்த நாட்டு நாணயமாக இருந்தாலும், சிறியதில் கிலோ 120, பெரியதில் கிலோ 130. பெரியதுதான் விலை அதிகம். ‘குடும்பப் பொட்டலம்’ என்ற பெரிய எழுத்து இந்தக் கணக்கைப் போடவிடாமல் கண்ணை மறைத்துவிடும். கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதையே அலகு விலை என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1998-இல் இயற்றிய நெறிமுறையின்படி, அங்கே கடைகள் விற்பனை விலையோடு அலகு விலையையும் காட்ட வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் கைப்பேசியில் ஒரு வகுத்தல் போதும். விலையை ஏற்றாமல் எடையை மட்டும் குறைத்து, அதே அளவு உறையில் போட்டு விற்கும் தந்திரமும் இந்த ஒரு வகுத்தலில் அகப்பட்டுவிடும்.

கடையில் எல்லாப் பொருளும் ஒரே அளவு மலிவு என்று நினைப்பது அடுத்த பெரிய தவறு. வாங்குபவர்கள் விலையை நினைவில் வைத்திருப்பது சில பொருள்களுக்கு மட்டும்தான்: பால், முட்டை, சர்க்கரை, சோப்பு போன்ற அடிக்கடி வாங்கும் சாமான்கள். கடைகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே அந்தச் சிலவற்றில் லாபத்தைக் குறைத்து, சில நேரம் அடக்கவிலைக்கும் கீழே கூட விற்று, ‘இந்தக் கடை மலிவு’ என்ற எண்ணத்தை ஏற்படுத்திவிட்டு, யாரும் விலை நினைவில் வைத்திராத துடைப்பம், மின்கலம், பரிசுப் பொருள் போன்றவற்றில் அதை மீட்டுக்கொள்கின்றன. அடக்கவிலைக்குக் கீழே விற்பது வாங்குபவருக்கு நல்லதுதானே என்று தோன்றும். எல்லா நாடுகளும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. ஜெர்மனியின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு 2000-ஆம் ஆண்டில் வால்மார்ட், ஆல்டி, லிடில் ஆகிய மூன்றையும், பால், சர்க்கரை போன்ற சில அடிப்படைப் பொருள்களை அடக்கவிலைக்குக் கீழே விற்பதை நிறுத்தும்படி உத்தரவிட்டது. நட்டத்தைத் தாங்கும் சக்தியில்லாத சிறு கடைகள் மூடிவிட்டால், பிறகு விலையை ஏற்றுவதைத் தடுக்க யாரும் இருக்கமாட்டார்கள் என்பதே அதன் பின்னுள்ள கவலை. வால்மார்ட் 2006-இல் ஜெர்மனியை விட்டே வெளியேறியது. ஏற்கெனவே மலிவு விலைக் கடைகள் வேரூன்றியிருந்த இடத்தில் அதன் மலிவுக்குத் தனி மவுசு கிடைக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

உறுப்பினர் கட்டணம் வாங்கும் மொத்தவிலைக் கடைகள் வேறொரு வகை. இதன் முன்னோடி, சோல் பிரைஸ் 1976-இல் சான் டியேகோ நகரில் தொடங்கிய ‘பிரைஸ் கிளப்’; இன்று பெரிதாக வளர்ந்திருப்பது காஸ்ட்கோ. பொருள்மீது வைக்கும் லாபத்தை மிகவும் குறைத்துவிட்டு, ஆண்டுக் கட்டணத்தையே அவர்கள் லாபத்தின் முக்கிய ஊற்றாகக் கொள்கிறார்கள். கணக்கு நேர்மையானதுதான். ஆனால் கட்டணத்தை ஆண்டுக்கு எத்தனை முறை போகிறோம் என்பதால் வகுத்து, ஒவ்வொரு பயணத்திலும் மிச்சமாகும் தொகையோடு ஒப்பிட வேண்டும். பணம் கட்டிவிட்டோமே என்பதற்காகவே அடிக்கடி போய்த் தேவையில்லாததை வாங்குவது, அந்த அட்டையை எடுத்தவர்களிடம் சகஜமாகக் காணப்படும் வியாதி.

மூன்றாவது பங்கு, பிறர் தலையில் விழுவது. இதுதான் அதிகம் விவாதிக்கப்படுவது; உணர்ச்சிவசப்பட்டுப் பேசப்படுவதும் இதுதான். பெரிய கடை ஒரு தயாரிப்பாளரின் உற்பத்தியில் பெரும்பங்கை வாங்கும்போது, ‘அடுத்த ஆண்டு இன்னும் விலையைக் குறை’ என்று கேட்கும் பலம் அதற்கு வந்துவிடுகிறது. இந்தப் பலத்துக்குக் கடிவாளம் போடும் முயற்சி புதிதன்று. ஒரே சரக்கைப் பெரிய வணிகருக்கு ஒரு விலையிலும் சிறியவருக்கு வேறொரு விலையிலும் விற்றுப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்க, 1936-லேயே அமெரிக்காவில் ராபின்சன்-பேட்மன் சட்டம் வந்தது. இப்படி விலையைக் குறைக்கும்படி நெருக்கப்படும் தயாரிப்பாளர் முதலில் வீண்செலவைக் குறைப்பார். குறைக்க எதுவும் இல்லாதபோது கூலியைக் குறைப்பார், பாதுகாப்பைக் குறைப்பார். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கிருந்த தையல் ஆலைகள் தைத்துக்கொண்டிருந்தவை வெளிநாட்டு விற்பனை நிறுவனங்களுக்கான மலிவு விலை ஆடைகள். முந்தைய நாளே சுவரில் விரிசல் கண்டும் தொழிலாளர்கள் உள்ளே வரவழைக்கப்பட்டார்கள். மலிவு ஆடை வாங்கிய ஒவ்வொருவர்மீதும் இந்தப் பழியைச் சுமத்துவது நியாயமாகாது. நடுத்தர விலையில் விற்ற நிறுவனங்களின் ஆடைகளும் இத்தகைய ஆலைகளிலிருந்தே வந்தன. விலைச்சீட்டைப் பார்த்து மட்டும் உற்பத்தி நேர்மையைக் கண்டுபிடிக்க முடியாது என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

உள்ளூர் வேலைவாய்ப்பைப் பற்றி ஆராய்ந்தவர்களிடையேயும் கருத்தொற்றுமை இல்லை. பொருளியலாளர் எமெக் பாஸ்கர், வால்மார்ட் வந்த அமெரிக்க மாவட்டங்களில் சில்லறை வணிகத்தில் முதலாண்டில் ஏறத்தாழ 100 வேலைகள் கூடி, அவற்றில் பாதி அடுத்த ஐந்தாண்டுகளுக்குள் மறைந்ததாகக் கணித்தார். டேவிட் நியூமார்க்கும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் வேறு முறையில் கணக்கிட்டு, ஒரு கடை வந்தால் மாவட்டத்தில் சில்லறை வணிக வேலைகள் ஏறத்தாழ 150 குறைகின்றன என்றார்கள். கடைகள் எங்கே திறக்கப்படுகின்றன என்பது தற்செயலன்று என்பதால்தான் இந்தக் கணக்கு சிக்கலாகிறது: வளரும் ஊராகப் பார்த்துக் கடை திறந்தால், ஊரின் வளர்ச்சியைக் கடையின் பெருமையாக எண்ணிவிடக்கூடும். விலை விஷயத்தில் நிலைமை இதைவிடத் தெளிவு. பாஸ்கரின் மற்றோர் ஆய்வில், வால்மார்ட் வந்த நகரங்களில் பற்பசை, சலவைத்தூள் போன்ற பொருள்களின் விலை உடனடியாக 1.5 முதல் 3 விழுக்காடு வரையிலும், காலப்போக்கில் அதைப்போல் நான்கு மடங்கு வரையிலும் குறைந்திருந்தது. கவனிக்க வேண்டியது, இது நகரத்தின் விலை. அதாவது அந்தக் கடைக்குள் காலடி வைக்காதவர்களும் பயனடைந்திருக்கக்கூடும்.

வருமானம் குறைந்த குடும்பத்துக்கு இந்தச் சில விழுக்காடுகள் மிகப் பெரியவை, ஏனென்றால் அவர்களுடைய செலவில் பெரும்பகுதி இத்தகைய அன்றாடச் சாமான்களுக்கே போகிறது. அவர்களைப் பார்த்து, ‘சிறு கடையைக் காப்பாற்றுங்கள்’ என்று வசதியுள்ளவர்கள் உபதேசிப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. அதே வேளையில் சிறு கடை கொடுக்கும் சில வசதிகள் விலைப்பட்டியலில் வராதவை: நூறு கிராம் வேண்டுமென்றால் நூறு கிராம் கொடுப்பது, மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொள்வது, பொருள் சரியில்லை என்றால் முகம் பார்த்து மாற்றிக் கொடுப்பது, நடந்து போகும் தூரத்தில் இருப்பது. வண்டியில்லாத முதியவருக்கு இவற்றின் மதிப்பு, தள்ளுபடிக் கடையில் கிடைக்கும் மிச்சத்தைவிட அதிகமாக இருக்கும்.

நடைமுறைக்கு வந்தால், நான் கடையை ஒட்டுமொத்தமாக ஏற்பதுமில்லை, தள்ளுவதுமில்லை. பொருளாகப் பிரித்துப் பார்க்கிறேன். கெட்டுப்போகாதவை, அளவாகவே செலவாகுபவை, யார் தயாரித்தாலும் பெரிதாக வேறுபடாதவை ஆகியவற்றைத் தள்ளுபடிக் கடையில் வாங்குவேன். காய், பழம் போன்ற சீக்கிரம் வாடுபவற்றையும், பழுதானால் சரிசெய்து தர ஆள் வேண்டிய கருவிகளையும் அங்கே வாங்குவதில்லை. இரண்டு கடைகளையும் ஒப்பிடும்போது ஒரே ஒரு பொருளை வைத்துத் தீர்மானிக்காமல், வழக்கமாக வாங்கும் கூடை முழுவதையும் வைத்து ஒப்பிட வேண்டும். அதோடு போக்குவரத்துச் செலவையும், பட்டியலில் இல்லாமல் வண்டியில் ஏறிய பொருள்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பில்லை எடுத்துவைத்து, பட்டியலில் இல்லாதவற்றை மட்டும் பேனாவால் கோடிட்டுப் பாருங்கள். கோடிட்டவற்றின் கூட்டுத்தொகை பெரும்பாலும் அன்றைய மிச்சத்தை விழுங்கியிருக்கும்.

என் கைப்பேசியில் இருபது பொருள்களின் அலகு விலையைக் குறித்து வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு கடைகளிலும் பார்த்துத் திருத்துவேன், பத்து நிமிட வேலைதான். கடைசியாகத் திருத்தியபோது இருபதில் ஏழு பொருள்கள் பக்கத்துக் கடையில் சம விலையாகவோ மலிவாகவோ இருந்தன. அந்த ஏழில் மூன்று, அதற்கு முந்தைய முறை தள்ளுபடிக் கடையில் மலிவாக இருந்தவை. இரண்டின் விலை அங்கே ஏறியிருந்தது. மூன்றாவதில் விலை அப்படியே இருக்க, எடை 50 கிராம் குறைந்திருந்தது.